ஜிம்மில் 5.11, ஜோஷுவா ட்ரீயில் 5.8-க்கே கால் நடுக்கம். போல்ட் இருந்தும் ஏன் இப்படி?

பாலைப்பல்லி:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், நடுவில் புலம்பலும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் இருக்கிறோம். நானும் கணவரும் இரண்டு வருஷமாக க்ளைம்பிங் ஜிம்முக்குப் போகிறோம். டாப் ரோப்பில் (மேலிருந்து கயிறு தாங்கும்) ஆரம்பித்து, போன வருஷம் லீட் (கயிறைக் கீழிருந்து நாமே மாட்டிக்கொண்டே ஏறுவது) தேர்வும் முடித்து, இப்போது எனக்கு 5.11ஏ (எண் கூடக் கூட ரூட் கடினம்) ஓரளவு கைவந்துவிட்டது. அந்தத் தைரியத்தில் நவம்பரில் ஒரு சனிக்கிழமை ஜோஷுவா ட்ரீ பாலைவனப் பூங்காவுக்குக் கிளம்பினோம். விரிசலில் கேம் (உள்ளே விரிந்து பிடித்துக்கொள்ளும் கருவி) வைத்து ஏறுவதெல்லாம் எங்களுக்குத் தெரியாது, அதனால் போல்ட் (கயிறை மாட்டப் பாறையில் பதித்த எஃகு ஆணி) அடித்த ஒற்றை பிட்ச் (ஒரு கயிறு நீளத்துக்குள் முடியும்) ரூட்டாகத் தேடினோம். 5.8 என்று ஒன்று கிடைத்தது. வார்ம்-அப்புக்கு இது போதும் என்று சொல்லிக்கொண்டே கயிறைக் கட்டினேன்.

முதல் போல்ட், இரண்டாவது போல்ட் சரி. மூன்றாவதை மாட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தால் நான்காவது எங்கேயோ வானத்தில் இருக்கிறது. நடுவில் பிடிக்க ஒன்றுமே இல்லை. பிடி சின்னதாக இருக்கிறது என்று சொல்லவில்லை, பிடியே இல்லை. வெறும் சாய்வான பாறை, அதில் அரிசி மணி அளவுக்குப் பளிங்குத் துணுக்குகள். இரண்டு மூன்று மீட்டர் எப்படியோ போய்விட்டேன். அப்புறம் வலது கால் தையல் மெஷின் மாதிரி அடிக்க ஆரம்பித்தது. கீழே போல்ட் என் பாதத்துக்கு ரொம்பக் கீழே. பத்து நிமிடம் அங்கேயே நின்று, கடைசியில் தவழ்ந்து இறங்கி, மூன்றாவது போல்ட்டில் ஒரு காரபினரை (கொக்கி வளையத்தை) விட்டுவிட்டுக் கீழே வந்தேன். எங்களுக்குப் பிறகு அறுபது வயதிருக்கும் ஒரு மனிதர், தன் பேத்தியைப் பற்றிப் பேசிக்கொண்டே அதே ரூட்டில் ஏறிப் போனார். கையை உபயோகித்த மாதிரியே தெரியவில்லை.

பிப்ரவரி கடைசியில் திரும்பப் போகிறோம். அங்கே ஹவுசர் பட்ரஸ் என்ற பாறையில் லூஸ் லேடி என்று ஒரு 5.10ஏ இருக்கிறதே, அதை லீட் செய்ய வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. போல்ட் நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். 5.8-லேயே அழுத நான் இதை நினைப்பது முட்டாள்தனமா? அதற்குள் என்ன பழக வேண்டும்? ஜிம்மில் சொல்லிக்கொடுக்காதது எதெல்லாம் அங்கே தேவைப்படும்?

கருங்கல்_கிறுக்கன்:

முட்டாள்தனம் எல்லாம் இல்லை. ஜோஷுவா ட்ரீயில் முதல் நாள் எல்லோருக்கும் இதுதான் நடக்கும். எனக்கு 5.7-இல் நடந்தது, நீங்கள் ஒரு படி மேலே.

முதலில் அந்த எண்ணை மறந்துவிடுங்கள். 5.0, 5.1 என்று போகும் இந்த அளவுகோலே 1950களில் அங்கிருந்து பக்கத்தில் இருக்கும் டாக்விட்ஸ் பாறையில் உருவானது. அப்போது மேல் எல்லை 5.9. அதற்கு மேல் மனிதனால் ஏற முடியாது என்ற நினைப்பில் போட்ட கணக்கு. அதனால் அந்தக் காலத்து ஆட்களுக்கு எது எவ்வளவு கஷ்டமாக இருந்தாலும் 5.8, 5.9-க்குள்தான் அடைக்க வேண்டியிருந்தது, அந்தக் கஞ்சத்தனம் இந்தப் பாலைவனத்தில் பிறகும் தொடர்ந்தது. ஜிம்காரர்களுக்கு வாடிக்கையாளர் திரும்பி வர வேண்டும், அவர்கள் தாராளமாகத்தான் எண் போடுவார்கள்.

அடுத்தது பாறை. ஜோஷுவா ட்ரீயில் இருப்பது மான்சோகிரானைட். பத்துக் கோடி வருஷத்துக்கும் முன்னால் பூமிக்கடியில் மெதுவாக ஆறிய குழம்பு. மெதுவாக ஆறியதால் படிகங்கள் பெரிதாக வளர்ந்திருக்கின்றன. நீங்கள் சொன்ன அரிசி மணி அதுதான். புதிதாகக் கொத்திய அம்மியைத் தடவிப் பார்த்திருக்கிறீர்களா? அந்த மாதிரி. கைக்கு எமன், ஷூவுக்கு வரம். ஜிம்மில் நீங்கள் ஏறுவது பெரும்பாலும் முன்பக்கம் சாய்ந்த சுவர், கையால் இழுக்கிறீர்கள். இங்கே சுவர் உங்களை விட்டு விலகிச் சாய்ந்திருக்கிறது. இழுக்க எதுவும் இல்லை, நிற்கத்தான் வேண்டும்.

பயம் வந்தால் உடம்பு தானாகப் பாறையோடு ஒட்டிக்கொள்ளும். அங்கேதான் வம்பு. நீங்கள் ஒட்ட ஒட்ட உங்கள் எடை பாதத்தைப் பாறைக்குள் அழுத்தாமல் கீழ்நோக்கி வழுக்கத் தள்ளும். இடுப்பை வெளியே தள்ளுங்கள், எடை நேராகப் பாதத்தின் மேல் இறங்கட்டும். குதிகாலைத் தாழ்த்துங்கள், அப்போதுதான் ரப்பர் நிறையப் பரவி ஒட்டும். கெண்டைக்காலும் ஓய்வெடுக்கும். உங்கள் தையல் மெஷினுக்குக் காரணம் பயம் பாதி, குதிகாலைத் தூக்கிக்கொண்டு பத்து நிமிடம் நின்றது பாதி. அடி சின்னச் சின்னதாக வையுங்கள். ஒரு முழ உயரத்துக்குக் காலைத் தூக்கினால் எழும்பும்போது எடை பின்னால் போய் அந்தக் கால் விட்டுவிடும், அதே உயரத்தை நான்கு அடியாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் படிக்கட்டு மாதிரி.

சின்ன விஷயம், ஆனால் யாரும் சொல்வதில்லை: ஏறுவதற்கு முன் ஷூ அடியைத் துடையுங்கள். அந்தப் பாறை உதிர்ந்த மணல்தான் கீழே முழுக்கக் கிடக்கிறது. அதை அடியில் ஒட்டிக்கொண்டு ஸ்லாப்பில் (சாய்வான பாறையில்) கால் வைத்தால் கோலிகுண்டின் மேல் நிற்கிற மாதிரி. நான் பழைய கால்மிதி ஒன்றைக் கொண்டுபோய், ஷூ போட்டதும் அதன் மேலேயே நின்று, நேராகப் பாறையில் கால் வைப்பேன். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள்.

குளிரும் உங்களுக்குச் சாதகம்தான். சூட்டில் ரப்பர் இளகிவிடும், விரலும் வேர்க்கும். பிப்ரவரி நல்ல மாதம்.

இன்னொன்று, அந்த அறுபது வயதுக்காரரோடு உங்களை ஒப்பிட வேண்டாம். அவர் ஒருவேளை ஒட்டும் ரப்பர் வருவதற்கு முன்பே ஏற ஆரம்பித்தவராக இருக்கலாம். ஸ்பெயினின் போரியல் நிறுவனத்து ஃபிரே ஷூ 1980களின் தொடக்கத்தில்தான் அமெரிக்காவுக்கு வந்தது. அதற்கு முன்பு இருந்த ரப்பரோடு ஒப்பிட்டால் நாம் போட்டிருப்பது பல்லியின் பாதம்.

சும்மா_ஒருத்தன்:

பல்லி என்றதும் ஞாபகம் வருகிறது. அங்கே சக்வாலா என்று ஒரு தடித்த பல்லி இருக்கிறது. ஆபத்து என்றால் பாறை இடுக்கில் புகுந்து, மூச்சை இழுத்து உடம்பை ஊதிக்கொள்ளும், பிறகு யாராலும் வெளியே இழுக்க முடியாது. பாலைப்பல்லி அவர்கள் மூன்றாவது போல்ட்டுக்கு மேலே செய்ததும் ஏறக்குறைய அதுவேதான், இடுக்கு மட்டும் இல்லை.

துளைக்கருவி:

கால் விஷயத்தைக் கிறுக்கன் சொல்லிவிட்டார், நான் போல்ட்டைப் பற்றிச் சொல்கிறேன். தலைப்பில் "போல்ட் இருந்தும்" என்று போட்டிருக்கிறீர்களே, தப்பு அங்கேதான் இருக்கிறது.

ஸ்போர்ட் ரூட் என்றால் நாம் என்ன நினைக்கிறோம்? யாரோ மேலிருந்து கயிற்றில் தொங்கி, விழுந்தாலும் அடிபடாத இடைவெளியில் மோட்டார் துளைக்கருவியால் வரிசையாக அடித்துவைத்தது. ஜோஷுவா ட்ரீயின் பழைய ரூட்டுகள் பெரும்பாலும் அப்படி வந்தவை அல்ல. 1970களில் அங்கே ஏறியவர்களின் கொள்கை, கீழிருந்து ஏறிக்கொண்டே அடிப்பது. யோசித்துப் பாருங்கள்: கடைசி போல்ட்டுக்கு நான்கைந்து மீட்டர் மேலே ஒரு சின்னப் படிகத்தில் நின்றுகொண்டு, ஒரு கையில் உளி, இன்னொரு கையில் சுத்தியல், தட்டித் தட்டிச் சுழற்றித் துளை போட வேண்டும். கிரானைட்டில் ஒரு துளைக்கு அரை மணி நேரம்கூடப் போகும். அதனால் இரண்டு கையையும் விட்டு எங்கே நிற்க முடிந்ததோ அங்கே போல்ட் வந்தது. உங்களுக்கு எங்கே பயமாக இருக்கிறதோ அங்கே வரவில்லை. அடித்தவருக்கு எளிதாகத் தோன்றிய இடத்தில் போல்ட்டே கிடையாது. ஆக போல்ட் அடித்த ரூட் வேறு, ஸ்போர்ட் ரூட் வேறு. அங்கே இரண்டாவது வகையும் இருக்கிறது, குறைவு.

இன்றைக்கும் மோட்டார் கருவி சுலபமில்லை. 1964-ஆம் ஆண்டு வில்டர்னஸ் சட்டத்தின்படி வனப்பகுதியாக (மனிதத் தலையீடு இல்லாமல் விடும் நிலமாக) அறிவித்த இடங்களில் மோட்டார் வைத்த எதையும் இயக்கக்கூடாது, பூங்காவின் பெரும்பகுதி அப்படிப்பட்டதுதான். அங்கே புது போல்ட் அடிக்க அனுமதி வாங்கி, கையால்தான் துளைக்க வேண்டும். 2023 கடைசியில் வனப்பகுதியில் இருக்கும் போல்ட்டுகளையே தடை செய்யப்பட்ட கட்டுமானம் என்ற கணக்கில் கொண்டுவரலாமா என்று ஒரு யோசனை வந்து பெரிய சண்டையானது, பிறகு கைவிட்டார்கள். 2025 ஜனவரியில் கையெழுத்தான எக்ஸ்ப்ளோர் சட்டத்தில் க்ளைம்பிங்கும் நிலையான ஆங்கரும் (போல்ட் போலப் பாறையிலேயே இருக்கும் பிடிமானம்) வனப்பகுதியில் முறையான பயன்பாடுதான் என்ற ஏற்பாடு வந்துவிட்டது. சரி, அரசியல் போதும்.

கைடு புத்தகத்தில் எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் எழுத்து இருக்கும், பிஜி-13, ஆர், எக்ஸ் என்று. சினிமாவுக்குப் போடுகிற மாதிரி. எண்ணை விட அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆர் என்றால் விழுந்தால் நன்றாக அடிபடும். எக்ஸ் என்றால் அதைவிட மோசம். எக்கோ ராக்கில் டபுள் டிப் என்று ஒன்று, 5.6 தான், ஜிம்மில் அந்த எண்ணை யாரும் மதிக்கக்கூட மாட்டார்கள். ஆனால் போல்ட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவே நீங்கள் தனியாக நிறைய நேரம் இருக்க வேண்டியிருக்கும்.

கணக்கு எளிது. போல்ட்டுக்கு 4 மீட்டர் மேலே விழுந்தால் 8 மீட்டர், கயிறு நீள்வதையும் தொய்வையும் சேர்த்தால் ஒன்பதோ பத்தோ. இரண்டாவது போல்ட்டிலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போது இந்தக் கணக்கைத் தரையிலிருந்து உங்கள் உயரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், எங்கே விழக்கூடாது என்பது தெரிந்துவிடும். ஸ்லாப்பில் விழுவது அந்தரத்தில் விழுவது இல்லை, தேய்த்துக்கொண்டு சறுக்குவது. கயிறு காலுக்குப் பின்னால் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், போனால் தலைகீழாகப் புரட்டிவிடும். ஹெல்மெட் போடுங்கள். ஜிம்மில் யாரும் போடுவதில்லை என்பதால் நிறைய பேர் வாங்குவதே இல்லை.

பழைய போல்ட்டையும் அடையாளம் காணப் பழகுங்கள். அந்தக் காலத்தில் அடித்தது கால் அங்குலம், சுமார் 6 மில்லிமீட்டர். சுண்டுவிரலை விட மெலிதாக இருக்கும். இப்போது அரை அங்குல, முக்கால்வாசி இடங்களில் மூன்றில் எட்டு அங்குல எஃகு போல்ட்டாகத் தன்னார்வலர்கள் மாற்றிக்கொண்டே வருகிறார்கள். கீழே துருக்கறை ஒழுகியிருந்தாலோ, தகடு விரலால் தொட்டாலே சுற்றினாலோ, அதை நம்பி விழாதீர்கள். முதல் போல்ட் உயரத்தில் இருந்தால் நீளக் கழியில் கயிறை மாட்டிவிட்டு ஏறுங்கள். அதை ஏமாற்று வேலை என்று சொல்கிறவர்கள் வருவார்கள், கணுக்கால் அவர்களுடையது இல்லை.

சும்மா_ஒருத்தன்:

ஏமாற்று வேலைதான். நானும் செய்வேன்.

(3/8 அங்குலத்தை "மூன்றில் எட்டு" என்று எழுதியிருக்கிறீர்கள் ஐயா, எட்டில் மூன்று.)

துளைக்கருவி:

ஆமாம், எட்டில் மூன்று. கணக்கு வாத்தியார் மன்னிக்கவும்.

பாலைப்பல்லி:

ஐயோ, குதிகாலைப் பற்றி ஒருத்தரும் எனக்குச் சொன்னதில்லை. இரண்டு பேருக்கும் நன்றி. இன்னொரு சந்தேகம். நான் உச்சி வரைக்கும் போகவே இல்லை என்பதால் அங்கே என்ன இருக்கும் என்றே தெரியவில்லை. ஜிம்மில் மேலே இரண்டு காரபினர் தொங்கும், மாட்டினால் முடிந்தது, கீழே இறக்கிவிடுவார்கள். அங்கேயும் சங்கிலி இருக்கும்தானே? எங்களிடம் 60 மீட்டர் கயிறு ஒன்றும் பன்னிரண்டு குயிக்டிராவும் (இரண்டு காரபினரை இணைத்த பட்டை) இருக்கின்றன.

முடிச்சுக்காரி:

இந்தக் கேள்வியைக் கேட்டீர்களே, அதற்கே உங்களுக்கு ஒரு காபி. வெளியே முதல் தடவை போகிறவர்கள் அடிபடுவது பல நேரம், ஏறி முடித்த சந்தோஷத்தில்தான்.

சங்கிலி இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜோஷுவா ட்ரீயில் பல ரூட்டுகளின் தலையில் வெறும் இரண்டு போல்ட் தகடு மட்டும் இருக்கும், இறங்க வளையம் இருக்காது. அங்கே கயிறை நேராகத் தகட்டில் விட்டு இறங்கவே கூடாது, தகட்டு விளிம்பு கயிறை அறுக்கும். மேலே உட்கார்ந்து இரண்டாம் ஆளைப் பிலே செய்து (கயிறைப் பிடித்துப் பாதுகாத்து) ஏற்றி, பிறகு இருவருமாகப் பின்பக்கம் நடந்து இறங்குவார்கள். நடை என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான், பாதி இடத்தில் கையை ஊன்றித்தான் இறங்க வேண்டும், அங்கே கயிறும் இருக்காது. நடக்கிற ஷூவை ஹார்னஸில் (இடுப்புப் பட்டையில்) தொங்கவிட்டுக்கொண்டு போங்கள். சில இடத்தில் ரப்பெல் (தானே கயிற்றில் சறுக்கி இறங்குவது) வளையம் பக்கத்து ரூட்டின் தலையில் இருக்கும். இதெல்லாம் தரையில் நிற்கும்போதே கைடு புத்தகத்தில் பார்த்துவிட வேண்டியது. உள்ளே போனால் போனில் சிக்னல் கிடைக்காது, செயலி வைத்திருந்தால் முன்பே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பிரச்சினை, அந்தப் பாறைகளின் தலை உருண்டையாக இருக்கும். ஆங்கர் போல்ட் விளிம்பிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி இருக்கும். டாப் ரோப் போட வேண்டுமென்றால் நீளாத கயிறு ஒரு பத்துப் பதினைந்து மீட்டராவது வேண்டும், முதன்மைக் காரபினர் விளிம்பைத் தாண்டித் தொங்க வேண்டும், இல்லையென்றால் கயிறு அந்த அம்மியில் அரைபடும். கயிறு போதவில்லை என்று செடியிலோ ஜோஷுவா மரத்திலோ கட்டாதீர்கள், பூங்காவில் தடை. அது மரமும் கிடையாது, நம் கற்றாழைக்கு ஒன்றுவிட்ட சொந்தக்காரன்.

வளையம் இருக்கும் ரூட்டில், கடைசி ஆள் எப்படி இறங்குவது? இதைத் தரையில் ஒரு பத்து தடவையாவது பழகிவிட்டுப் போங்கள். மேலே போனதும் ஸ்லிங்கால் (நாடா வளையத்தால்) இரண்டு போல்ட்டிலும் உங்களைப் பூட்டிக்கொள்ளுங்கள். பிலேயில் இருந்து விடுவிக்கச் சொல்லாதீர்கள், தொய்வு மட்டும் கேளுங்கள். கயிறை ஒரு மடிப்பாக எடுத்து இரண்டு வளையத்திலும் நுழைத்து, அந்த மடிப்பில் எட்டு வடிவ முடிச்சு போட்டு, பூட்டுக் காரபினரால் ஹார்னஸின் பிலே வளையத்தில் மாட்டுங்கள். அதற்குப் பிறகுதான் பழைய முடிச்சை அவிழ்க்க வேண்டும். கீழே இருப்பவரை இறுக்கச் சொல்லி, எடையைக் கயிறு தாங்குகிறதா என்று பார்த்துவிட்டு, கடைசியாக ஸ்லிங்கைக் கழற்றுங்கள். இந்த வரிசையில் செய்தால் ஒரு நொடிகூட நீங்கள் கயிறில் இல்லாமல் இருக்க மாட்டீர்கள், கயிறு கை தவறிக் கீழேயும் போகாது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எனக்கே நடந்திருக்கிறது. பல வருஷம் முன்பு, காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்த ஒரு மதியம். மேலே ஸ்லிங்கில் பூட்டிக்கொண்டு நான் ஏதோ கத்தினேன், கீழே இருந்த தோழிக்கு அது "ஆஃப் பிலே" (இனிக் கயிறைப் பிடிக்க வேண்டாம்) என்று கேட்டிருக்கிறது. நான் ரப்பெல் செய்துகொண்டு வருவேன் என்று நினைத்து அவள் கயிறைக் கழற்றிவிட்டாள். இறக்கிவிடுவாள் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஸ்லிங்கைக் கழற்றுவதற்கு முன்னால் வழக்கம்போல இறுக்கச் சொன்னேன். கயிறு இறுகவில்லை. இரண்டாவது தடவை கத்தினேன், அப்போதும் இல்லை. எட்டிப் பார்த்தால் அவள் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறாள். அன்றிலிருந்து தரையை விட்டுக் கிளம்பும் முன், நான் இறக்கப்படுவேனா, ரப்பெல் செய்வேனா, நடந்து வருவேனா என்பதை வாயால் சொல்லி, எதிராளியும் திருப்பிச் சொன்ன பிறகுதான் ஏறுவேன். கணவன் மனைவி என்றால் "சொல்லாமலே புரியும்" என்று ஒரு நினைப்பு இருக்கும், அதை வண்டியிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

60 மீட்டர் கயிறை மடித்தால் 30 மீட்டர்தான். போகிற ரூட்டின் உயரத்தை முன்பே பாருங்கள், எதுவானாலும் கயிற்றின் நுனியில் முடிச்சு போட்டே தீர வேண்டும். நுனி பிலே கருவிக்குள் வழுக்கிப் போய் ஆள் விழுவது அனுபவசாலிகளுக்கும் நடந்திருக்கிறது.

கருங்கல்_கிறுக்கன்:

லூஸ் லேடியைப் பற்றி யாருமே பதில் சொல்லவில்லை. என்னைக் கேட்டால், முதல் நாள் அதைத் தொடாதீர்கள். போல்ட் நன்றாக இருக்கிறது என்று சொல்வது உண்மைதான், ஆனால் ஜோஷுவா ட்ரீ அளவுக்கு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். முழுக்க முழுக்க கால் வேலை. எக்கோ ராக்கில் ஸ்டிக்டர் க்விட்ஸ் மாதிரி 5.7 ஸ்லாப் இரண்டு மூன்று ஏறி, கால் பாறையை நம்ப ஆரம்பித்த பிறகு போங்கள்.

துளைக்கருவி:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். ஸ்டிக்டர் க்விட்ஸிலும் இடைவெளி குறைவில்லை. பயத்தோடு 5.7-ஐ லீட் செய்வதை விட, தெரிந்தவர் ஒருவர் லீட் செய்ய இவர் இரண்டாம் ஆளாக 5.10 ஏறினால் ஒரே நாளில் அதிகம் கற்றுக்கொள்வார். மேலிருந்து கயிறு இருந்தால்தான் கால் வழுக்கும் எல்லை எது என்று வேண்டுமென்றே சோதித்துப் பார்க்க முடியும். எல்லை தெரியாமல் லீட் செய்கிறவர்தான் எல்லா அடியையும் சந்தேகப்படுவார். ஒரு நாள் கைடு வைத்துக்கொண்டாலும் காசு வீண் இல்லை.

கருங்கல்_கிறுக்கன்:

சரி, அதை ஒத்துக்கொள்கிறேன்.

வெயில்மழை:

க்ளைம்பிங் விஷயம் எனக்கு அவ்வளவாகத் தெரியாது, ஆனால் அந்தப் பக்கம் பதினைந்து வருஷமாக முகாமிடுகிறேன், அதனால் பாலைவனத்தைப் பற்றி நாலு வார்த்தை.

தண்ணீர் உள்ளே எங்கேயும் கிடைக்காது. வாசலிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். தலைக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர், ஏறுகிறவர்களுக்கு அதற்கு மேல். குளிராக இருக்கிறதே என்று குடிக்காமல் இருந்து, சாயங்காலம் தலைவலியோடு வருகிறவர்கள்தான் அதிகம். ஹிட்டன் வேலி பக்கம் சுமார் 1,280 மீட்டர் உயரம். பிப்ரவரியில் பகலில் வெயில் படும் பாறையில் டி-ஷர்ட் போதும், நிழல் பக்கம் பிலே செய்கிறவருக்கு ஜாக்கெட் வேண்டும், இரவில் உறைநிலைக்கே போகும். ஒரே பாறையின் இரண்டு பக்கமும் இரண்டு ஊர் மாதிரி, வெயில் எந்தப் பக்கம் எப்போது வருகிறது என்று பார்த்து ரூட்டைத் தேர்ந்தெடுங்கள்.

சோயா என்று ஒரு கள்ளி (ஆங்கிலத்தில் cholla என்று எழுதுவார்கள், எழுத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம்), கொத்தாக ஒட்டிக்கொள்ளும், கையால் பிடுங்கினால் கைக்கு மாறும். சீப்பு ஒன்று வைத்துக்கொண்டு அதால் தட்டிவிடுங்கள். கயிறைச் சுருட்டிக் கீழே போடும் இடத்தையும் பாருங்கள், தார்ப்பாய் விரித்துப் போடுங்கள். வெயில் ஏறும் மாதங்களில் தேனீக்கள் தண்ணீரைத் தேடி வரும், வேர்த்த உடம்பு, ஏசி ஒழுகும் கார் எல்லாம் அவற்றுக்குத் தண்ணீர்தான், பயப்படாமல் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள். வண்டியை எடுக்கும் முன் அடியில் ஆமை படுத்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள், பிப்ரவரியில் அநேகமாக இருக்காது, ஏப்ரலில் இருக்கலாம்.

ஏதாவது ஆனால் போன் வேலை செய்யாது என்று மேலே சொன்னார்கள். இன்டர்செக்ஷன் ராக் வாகன நிறுத்தத்தில் அவசரத் தொலைபேசி ஒன்று இருக்கிறது. போனதும் அது எங்கே என்று ஒரு தடவை பார்த்துவைத்துவிட்டு அப்புறம் கயிறை எடுங்கள்.

மழை பெய்தால்? லாஸ் வேகஸ் அருகே ரெட் ராக்கில் மணற்பாறை நனைந்தால் உதிரும், ஒன்றிரண்டு நாளாவது விட வேண்டும். கிரானைட்டுக்கு அந்த விரதம் இல்லை, காய்ந்தால் ஏறலாம்.

பாலைப்பல்லி:

மார்ச் முதல் வாரம். போய்வந்தோம், எப்படிப் போனது என்று எழுதுகிறேன். விரல் நுனி பத்தும் உரிந்திருக்கிறது, தட்டச்சு செய்யும்போதே எரிகிறது, எழுத்துப் பிழை இருந்தால் அதுதான் காரணம்.

போகும் முன் ஒரு மாதம் வீட்டு மாடிப்படிக் கைப்பிடியில் ஆங்கர் கட்டி அந்த மடிப்பு முடிச்சு வரிசையை இருவரும் பழகினோம். அவருக்கு நான்காவது தடவையிலேயே வந்துவிட்டது, நான் தடுமாற வேண்டும் என்றே நடுவில் சாப்பாட்டைப் பற்றிக் கேள்வி கேட்பார்.

முதல் நாள் கைடு ஒருவரோடு போனோம். காலையில் இரண்டு மணி நேரம் அவர் எங்களுக்குக் கயிறே கொடுக்கவில்லை. தரையோடு இருக்கும் சாய்வான பாறையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கச் சொன்னார். ஏறி, இறங்கி, குறுக்கே, கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு. குதிகாலைத் தாழ்த்தியதும் தையல் மெஷின் நின்றது, அது இவ்வளவு எளிதாக நிற்கும் என்று நம்பவே முடியவில்லை. மதியம் மேலிருந்து கயிறோடு ஒரு ஸ்லாப்பில், வழுக்கும் வரைக்கும் போய்ப் பாருங்கள் என்றார். துளைக்கருவி சொன்ன அதே விஷயம். நான் வழுக்கும் என்று நினைத்த இடத்தில் எல்லாம் கால் நின்றது. வழுக்கியது மொத்தமே மூன்று தடவை, மூன்றும் நான் பயந்து பாறையைக் கட்டிப்பிடித்தபோது.

லூஸ் லேடியை அவர் லீட் செய்ய நான் இரண்டாம் ஆளாக ஏறினேன். நடுவில் ஒரு தடவை கால் விட்டுவிட்டது. அழகான ரூட், மேலே போகப் போகக் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் கால் மட்டும் எதையோ கண்டுபிடித்துக்கொண்டே இருக்கிறது. லீட் அடுத்த சீசனுக்கு. அவசரமில்லை.

இரண்டாம் நாள் நாங்கள் இருவர் மட்டும். அந்தப் பழைய 5.8-க்கே போனோம். கால்மிதியில் ஷூவைத் துடைத்தேன் (நன்றி, ஆமாம், சிரித்தார்கள்). "இறக்கிவிடு, ரப்பெல் இல்லை" என்று நான் சொல்ல, அவர் திருப்பிச் சொல்ல, பக்கத்தில் இருந்தவர்கள் என்ன மொழி என்று கேட்டார்கள். மூன்றாவது போல்ட்டில் என் காரபினர் இல்லை, யாரோ எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அதைத் தாண்டியதும் மூச்சு கொஞ்சம் வேகமானது, குனிந்து குதிகாலைப் பார்த்தேன், சின்னச் சின்னதாக அடி வைத்தேன், எண்ணவும் செய்தேன், பதினொன்றாவது அடியில் நான்காவது போல்ட் மார்புக்கு நேரே இருந்தது.

இறங்கும்போது அவரை நடுவில் நிறுத்தச் சொல்லி, அந்த இரண்டு போல்ட்டுக்கும் நடுவே 120 சென்டிமீட்டர் ஸ்லிங்கை வைத்து அளந்தேன். மூன்று ஸ்லிங்கும் ஒரு சாணும். நவம்பரில் யாராவது கேட்டிருந்தால் பத்து மீட்டர் என்று சத்தியம் செய்திருப்பேன்.